640 வரிசை, எத்தனை கடை? ஆய்வுத் தரவை அடுக்கி இணைக்க எக்செல், ஒமேகா, நோட்கோட், ஹியூரிஸ்ட், விக்கித்தரவு

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எக்செல் கோப்பு. பழைய தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களிலிருந்து சிராங்கூன் சாலைக் கடைகளின் பெயர்களை இரண்டு ஆண்டாக எழுதிச் சேர்த்திருக்கிறார். 640 வரிசை.

“தம்பி, இதை இனிமேல் எதில் ஏற்றுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் ஒமேகா என்கிறார், பேத்தி விக்கித்தரவு என்கிறாள், முதுகலை படிக்கும் பையன் நோட்கோட்தான் நல்லது என்கிறான்.”

“அது இருக்கட்டும் டீச்சர். இந்த 640இல் மொத்தம் எத்தனை கடை?”

அவருக்குத் தெரியவில்லை. எக்செல்லுக்கும் தெரியாது. வரிசை ஒவ்வொன்றும் ஒரு விளம்பரம். ஒரே கடை பத்து வருடம் விளம்பரம் கொடுத்திருந்தால் நாற்பது வரிசையில் நாற்பது விதமாக உட்கார்ந்திருக்கும். கோயில் ஆண்டுமலர்க் குழு, ஊர்ச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டை வைத்திருப்பவர், ஆய்வு மாணவர் என்று இதே கேள்வியோடு வரும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கருவியைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம்.

எதை வைத்து எடை போடுவது

தேக்காவையே எடுத்துக்கொள்வோம். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் இடம் மாறியது. ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 2000இல் அது தேக்கா நிலையம் ஆயிற்று. ஆவணத்தில் மூன்று பெயர், நிலத்தில் இரண்டு இடம், மக்கள் வாயில் எப்போதும் தேக்கா. ஓர் அடையாளத்தின் கீழ் பல பெயர்களை, எந்தப் பெயர் எந்தக் காலத்துக்கு என்ற குறிப்போடு வைக்க முடிகிறதா? இது முதல் அளவுகோல். தரவை ‘இணைப்பது’ என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் அடிப்படையில் இதுதான்.

ஆட்பெயர் இன்னும் மோசம். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளையை ஆங்கில நூல்கள் நரைனா பிள்ளை என்று எழுதுகின்றன. மரைக்காயர் என்ற பெயர் மரிக்கான், மரிக்கார், மெரிக்கன் என்று குடும்பத்துக்கு ஒரு விதமாகப் பதிவாகியிருக்கிறது. அதில் முன்னெழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார்.

இரண்டாவது, காலம். ‘போருக்கு முன்’, ‘ஜப்பான்காரன் காலத்தில்’, ‘முப்பதுகளின் நடுவில்’ என்றுதான் நம் தகவலாளர்கள் பேசுவார்கள். பழைய தமிழ் ஆவணமோ ‘விரோதி வருஷம் ஆனி மாதம்’ என்று நிற்கும். அது 1889 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை உள்ள ஒரு மாதம். அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 1949 ஆகவும் இருக்கலாம். இதை ‘15-06-1889’ என்று ஒரே நாளாகத் தட்டச்சு செய்யச் சொல்லும் கருவி நம்மைப் பொய் சொல்ல வைக்கிறது.

மூன்றாவது, தமிழ் எழுத்து. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். ‘ஔ’ வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிக்கும் பழக்கமும் இப்படித்தான் கழுத்தறுக்கும்.

மீதி இரண்டும் சலிப்பான கேள்விகள், ஆனால் வேலை கெடுவது அங்கேதான். தரவு முழுவதையும் ஒருநாள் வெளியே எடுக்க முடியுமா? மூன்று வருடம் கழித்து கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?

அப்புறம் சட்டம். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளில் உள்ள தனிநபர் தகவலுக்குப் பொருந்தாது. ஆனால் இறந்து பத்து ஆண்டு ஆகாதவர்களின் தகவலை வெளியிடுவதிலும் பாதுகாப்பதிலும் அதன் சில விதிகள் பொருந்தும். உறுப்பினர் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் சங்கம் இதைப் பார்க்காமல் எதையும் இணையத்தில் ஏற்றக்கூடாது. ஆகவே எது வெளியே தெரிய வேண்டும், எது உள்ளேயே இருக்க வேண்டும் என்று பிரித்து வைக்கக் கருவி இடம் கொடுக்க வேண்டும்.

விரிதாள், துணைக்கு ஓபன்ரிஃபைன்

எக்செல்லைப் பற்றி இளக்காரமாகப் பேசுவது டிஜிட்டல் மனிதவியல் (வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினியைக் கொண்டு ஆயும் துறை) வகுப்புகளில் ஒரு நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பார்த்த நல்ல தரவுத்தொகுப்புகளில் பாதி ஒழுங்கான விரிதாளில் பிறந்தவை.

ஒழுங்கான என்றால், ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காமல் விளம்பரத்துக்கு ஒரு தாள், கடைக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு தாள், இடத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு கடைக்கும் க-001, க-002 என்று ஓர் எண். விளம்பரத் தாளில் கடையின் பெயரைப் பத்திரிகையில் இருந்தபடியே, எழுத்துப்பிழையோடு, எழுத வேண்டும். பக்கத்து நெடுவரிசையில் கடை எண். மூலத்தில் இருந்தது ஒரு பக்கம், நாம் முடிவு செய்தது இன்னொரு பக்கம். நாளைக்கு முடிவு தப்பு என்று தெரிந்தால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

எக்செல்லின் உண்மையான குறை வேறு. அதன் நாட்காட்டி 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. சிங்கை நேசன் 1887இல் தொடங்கிய இதழ். அதன் தேதியை எழுதினால் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தேதிப்படி வரிசைப்படுத்தினால் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் விளம்பரங்களுக்குக் கீழே போய் 1887 உட்காரும். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று தனி நெடுவரிசை வைத்தால் இந்தத் தொல்லை தீரும். நான்காவதாக ‘மூலத்தில் உள்ளபடி’ என்று ஒன்று சேர்த்தால் விரோதி வருஷத்துக்கும் இடம் கிடைத்துவிடும். இன்னொன்று: தமிழ் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் பல நேரம் எழுத்தெல்லாம் கந்தலாகும். தரவு மெனு வழியாக, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். கந்தலானதைச் சேமித்துவிட்டால் அவ்வளவுதான், போனது போனதுதான்.

ஓபன்ரிஃபைன் இதற்குத் துணைக் கருவி. 2010இல் வேறு பெயரில் பிறந்து, கூகுளின் கைக்குப் போய், 2012 முதல் திறந்தமூலத் திட்டமாக ஓடுகிறது. இலவசம். நம் கணினியிலேயே இயங்கும், தரவு வெளியே போகாது (விக்கித்தரவு போன்றவற்றோடு பெயரை ஒப்பிடச் சொன்னால் மட்டும் அந்தப் பெயர்கள் போகும்). ஒத்த பெயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் காட்டி ‘இவை ஒன்றா?’ என்று கேட்பதுதான் அதன் பெரிய வித்தை. ஆனால் அதன் ஒலிப்பு முறைகள் ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்தவை. ரோமன் எழுத்தில் உள்ள மரிக்கானையும் மெரிக்கனையும் பக்கத்தில் கொண்டுவர அவை உதவும். தமிழ் எழுத்துக்கு, எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் அண்மை முறையே கைகொடுக்கும்.

இதன் மறைமுகச் செலவு நம்முடைய சனி, ஞாயிறு. கூடவே ஓர் ஆபத்தும் உண்டு. நம்மில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். கொத்து காட்டியதையெல்லாம் நான் ஒருமுறை அவசரத்தில் ஒப்புக்கொண்டே போனேன். தாத்தாவும் பேரனும் ஒருவராகி, அந்த மனிதர் நூறு வருடத்துக்கும் மேல் மளிகைக் கடை நடத்தியதாக என் அட்டவணை சொன்னது. பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒருவரோ இருவரோ செய்யும் வேலை, சில ஆயிரம் வரிசைக்குள் அடங்கும், இன்னும் என்ன கேட்கப்போகிறோம் என்பதே தெளிவில்லை என்றால் இதைவிட்டு நகர வேண்டியதில்லை.

ஒமேகா எஸ்

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ராய் ரோசன்ஸ்வைக் மையம் உருவாக்கிய, தொகுப்புகளை இணையத்தில் காட்டும் மென்பொருள். பழைய ஒமேகா 2008இல் வந்தது, இணைப்புத் தரவுக்கென்றே கட்டிய ஒமேகா எஸ் 2017இல். படம் உள்ளவர்களுக்கு இது பொருத்தம். பழைய புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, கடைப் பற்றுச்சீட்டு, கோயில் திருவிழா அறிவிப்பு என்று காட்டுவதற்குப் பொருள் இருந்தால் ஒமேகா அழகாகக் காட்டும். ஒவ்வொரு பொருளும் இன்னொரு பொருளைச் சுட்டலாம். புகைப்படத்திலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து கடைக்கும் போகலாம். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தலாம் என்பதால், ஒரு சங்கம் பொதுமக்களுக்கு ஒரு முகப்பும் பள்ளி மாணவர்களுக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ள முடியும்.

ஆளுக்கும் கடைக்கும் இடையிலான உறவுக்கே ஒரு காலம் உண்டு (‘1936 முதல் 1941 வரை பங்குதாரர்’) என்று வரும்போது இது கொஞ்சம் திணறும். உறவின்மேல் தேதியை ஒரு குறிப்பாக ஒட்டலாம், அதற்குமேல் வேண்டுமென்றால் அந்தப் பங்காண்மையையே ஒரு தனிப் பொருளாக உருவாக்கிச் சுற்றி வர வேண்டும். தேதிக்கும் வரைபடத்துக்கும் தனித்தனிச் செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்).

செலவுக்கு வருவோம். மென்பொருள் இலவசம். ஆனால் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருள்கள் ஓடும் வழங்கி (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினி) வேண்டும். பகிர்வு வழங்கிக்கு மாதம் சில வெள்ளிதான். புதுப்பிக்க ஆள் வேண்டும் என்பதே பெரிய செலவு. ஒமேகாவின் புதிய பதிப்பு வரும், நமக்கு வேண்டிய செருகுநிரல் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது, எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியாமல் நிற்போம். நான் உதவிய ஒரு தொகுப்பின் வழங்கிக் கட்டண நினைவூட்டல், அமைப்பை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தளம் ஒருநாள் காலையில் இல்லை. படங்கள் ஒரு தொண்டூழியரின் வன்வட்டில் இருந்ததால் பிழைத்தோம். படங்களுக்கு இடையே நாங்கள் போட்டிருந்த இணைப்புகள் போய்விட்டன.

ஒமேகா நிறுவனத்தாரே தரும் வழங்கிச் சேவையான ஒமேகா.நெட்டில் கிடைப்பது ஒமேகா கிளாசிக் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிக்கு அது போதும், இணைப்புத் தரவுக்குப் போதாது.

நோட்கோட், ஹியூரிஸ்ட்

இவை இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. வரலாற்று ஆய்வாளரை மனத்தில் வைத்து, இணைய உலாவியிலேயே உறவுத் தரவுத்தளம் கட்டித் தருபவை. நோட்கோட் நெதர்லாந்தின் ஹேக் நகரில் லேப்1100 என்ற சிறு நிறுவனம் 2011 முதல் வளர்ப்பது. ஹியூரிஸ்ட் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கியது. இப்போது பிரான்சின் ஆய்வுக் கணினி உள்கட்டமைப்பான ஹ்யூமா-நம்மிலும் ஆய்வாளர்களுக்கு இலவசமாக ஓடுகிறது.

நோட்கோட்டில் எனக்குப் பிடித்தது துணைப்பொருள் என்ற எண்ணம். ஓர் ஆளுக்குள் பிறப்பு, கப்பலேறியது, கடை தொடங்கியது, இறப்பு என்று எத்தனை நிகழ்வும் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் காலமும் இடமும் உண்டு. காலத்தை ‘இதற்குப் பின், அதற்கு முன்’ என்று தளர்வாகவும் சொல்லலாம். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் ஆறு மாதம் இருந்து, சிங்கப்பூர் வந்தவரின் பாதை, தரவை உள்ளிட்ட அன்றே வரைபடத்தில் கோடாக ஓடும். அதைப் பார்க்கும் மகிழ்ச்சியில் வேலை இரண்டு மடங்கு நடக்கும்! ஆய்வாளர் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ள இலவசம். குழுவாக, நிறுவனமாகப் போனால் கட்டணம். தனி ஆளாக மூன்று வருடம் கட்டியதை ஒரு குழு தொடர வேண்டிய நாளில்தான் இந்தச் செலவு தெரியவரும்.

ஹியூரிஸ்ட் அவ்வளவு அழகில்லை. முதல் நாள் அதன் மெனுக்களைப் பார்த்தால் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை முதல்முறை பார்த்த ஊர்க்காரர் மாதிரி விழிப்போம். ஆனால் வேலை நடுவில் இருக்கும்போதே தரவின் அமைப்பை மாற்றலாம். ‘கடைக்கு உரிமையாளர் ஒருவர்தான் என்று நினைத்தேன், இப்போது பார்த்தால் மூன்று பங்காளி’ என்று எல்லாருக்கும் ஒருநாள் விடியும், அன்றைக்கு இதன் அருமை புரியும். ஐயமான தேதி, வரம்புத் தேதி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எது பொதுவில், எது உள்ளே என்று பதிவுக்குப் பதிவு முடிவு செய்யலாம். முழுத் தரவுத்தளத்தையும் ஒரே தொகுப்பாகப் பதிவிறக்கலாம், அதிலேயே ஒரு பொது இணையத்தளமும் கட்டலாம். மறைமுகச் செலவு, கற்றுக்கொள்ளும் நேரம். குறைந்தது இரண்டு வாரம் மாலைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். குழுவில் அதைக் கற்றவர் ஒருவரே என்றால், அவர் விடுப்பில் போனதும் வேலையும் விடுப்பில் போகும்.

ஒருவர், ஓர் ஆய்வேடு, இடப்பெயர்வும் தொடர்பு வலையும்தான் மையம் என்றால் நோட்கோட். பலர் கை வைக்கும், அமைப்பு இன்னும் மாறும், நீண்டகாலம் ஓட வேண்டிய வேலை என்றால் ஹியூரிஸ்ட். இரண்டிலும் தமிழில் உள்ளிடத் தடையில்லை. ஆனால் ‘கொ’ சிக்கலை முன்கூட்டியே ஓபன்ரிஃபைனில் சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள்.

விக்கித்தரவு

2012 அக்டோபரில் தொடங்கி இப்போது பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட பொதுத் தரவுத்தளம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சிங்கப்பூர் கியூ334, தமிழ் மொழி கியூ5885. எந்த மொழியில் எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான். தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர்கள் எல்லாம் அதே எண்ணின் கீழ் நிற்கும். நாம் மேலே அழுத அழுகைக்கெல்லாம் இதுதான் மருந்து போலத் தோன்றும்.

பாதி மருந்து. 1827இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலையோ தமிழ் முரசையோ இதனோடு இணைப்பது அருமையான வேலை. ஆனால் ஒரே ஒரு விளம்பரத்தில் வந்துபோன வெற்றிலைக் கடைக்காரரை இங்கே ஏற்றப்போனால், நம்பத்தக்க பொது மேற்கோள் எங்கே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஏற்றியதை யாரும் திருத்தலாம். சிசி0 உரிமத்தில் வெளியிடுகிறோம், அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் உலகுக்குக் கொடுத்துவிடுகிறோம். குடும்பத்தார் நம்பிச் சொன்ன தகவலை அப்படிக் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

அதனால் நான் இதைத் தரவு வைக்கும் அலமாரியாகப் பார்ப்பதில்லை. நம் கோப்பில் ஒரு நெடுவரிசை சேர்த்து, பொதுவில் அறியப்பட்ட இடம், கோயில், பத்திரிகை, ஆள் ஆகியோருக்கு மட்டும் விக்கித்தரவு எண்ணை எழுதிவைப்பேன். நாளைக்கு வேறொருவர் பினாங்குத் தரவையும் இதே எண்ணோடு கொண்டுவந்தால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். இதே மென்பொருளைத் தனியாக வேண்டும் என்பவர்களுக்கு விக்கிபேஸ் கிளவுட் இருக்கிறது. தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரு பார்வையில்

| கருவி | ஒரே ஆள், பல பெயர் | ஐயமான காலம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| விரிதாள், ஓபன்ரிஃபைன் | எண் கொடுத்தால் முடியும் | தனி நெடுவரிசைகளில் | வார இறுதிகள் | தொடங்கும் எல்லாருக்கும் |
| ஒமேகா எஸ் | முடியும் | செருகுநிரலோடு, ஓரளவு | வழங்கி, புதுப்பிப்பு | படத் தொகுப்பு உள்ள கோயில், சங்கம் |
| நோட்கோட் | நன்றாக | நன்றாக | குழுவானால் கட்டணம் | தனி ஆய்வாளர் |
| ஹியூரிஸ்ட் | நன்றாக | நன்றாக | கற்கும் காலம் | நீண்டகாலக் குழு |
| விக்கித்தரவு | மிக நன்றாக | ஓரளவு | கட்டுப்பாடு நம்மிடம் இல்லை | எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள |

டீச்சர் என்ன செய்தார்

அன்று அவரிடம் எந்தக் கருவியையும் நான் சொல்லவில்லை. கடை எண் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, முதல் இருபது வரிசையைச் சேர்ந்தே போட்டோம். தேநீர் அதற்குள் முழுக்க ஆறிவிட்டது. ஆறாவது வரிசையிலேயே சண்டை. ஒரே முகவரி, ஒரே பெயர், ஆனால் ஒன்றில் ‘அண்டு பிரதர்ஸ்’ இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. “ஒன்றுதான் தம்பி” என்றார். “அண்ணன் தம்பி பிரிந்த பிறகு வைத்த கடையாக இருந்தால்?” என்றேன். ‘உறுதியில்லை’ என்று இன்னொரு நெடுவரிசை பிறந்தது.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “640 வரிசை. 171 கடை. அதில் ஒன்பது எனக்கே சந்தேகம். பேத்தி ஹியூரிஸ்டில் கணக்கு தொடங்கிவிட்டாள், டிசம்பர் விடுமுறையில் ஏற்றுகிறோம். ‘பிரதர்ஸ்’ கடை இரண்டுதான். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டேன், 1938இல் பாகம் பிரித்திருக்கிறார்கள்.”